பெற்றோர் முதன்முறையாகத் தனியே அமெரிக்கா வருகிறார்களா? பாஸ்போர்ட் முதல் இமிகிரேஷன் வரை

நாங்கள் இருப்பது டாலஸில். ஊரில் இருக்கும் அப்பாவையும் அம்மாவையும் இங்கே அழைக்க ஏற்பாடு செய்தபோது கிடைத்த யோசனைகள் எல்லாம், ஏற்கெனவே நாலு ஊர் பறந்து பழகியவர்களுக்குச் சொல்லப்பட்டவை. அறுபதைத் தாண்டிய வயதில், ஆங்கிலம் பேசிப் பழக்கமில்லாமல், முதன்முறையாக விமானம் ஏறும் இரண்டு பேருக்கு அதில் பாதி உதவாது. வழியில் நீங்கள் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. அவர்கள் வாய் திறக்க முடியாமல் நிற்கும் இடத்தில் கையில் இருக்கும் காகிதம் பதில் சொல்ல வேண்டும். கீழே இருப்பதெல்லாம் அதற்கான வேலைகள், செய்ய வேண்டிய வரிசையில்.

காலக்கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்குக் குறைந்தது ஓராண்டு முன்னால் தொடங்குங்கள். பாஸ்போர்ட் இருந்தால் எட்டு மாதம். விசா நேர்காணலுக்கான காத்திருப்பு மாதத்துக்கு மாதம் மாறுவதால்தான் இவ்வளவு இடைவெளி. கட்டணங்களும் மாறக்கூடியவை. பணம் கட்டும் நாளில் அரசுத் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

1. முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள்

எல்லாத் தலைவலியும் இங்கேதான் தொடங்கும். நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் "முருகேசன் க", பான் அட்டையில் "க. முருகேசன்", பள்ளிச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல், வங்கிக் கணக்கில் இன்னொன்று என்று நாலு விதமாக இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போட முடியாது. விரித்து எழுத வேண்டும்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர், இயற்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். குடும்பப் பெயர் கட்டத்தை வெறுமையாக விட்டாலும் பாஸ்போர்ட் கிடைத்துவிடும். சிக்கல் பிறகு வரும். அமெரிக்க விசா படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் என்பதால், இருக்கும் ஒரே பெயரை அங்கே போட்டு, இயற்பெயர் இடத்தில் "எஃப்என்யு" என்று எழுத வேண்டியிருக்கும். அதாவது இயற்பெயர் தெரியாது என்று பொருள். விசாவிலும் அப்படியே அச்சாகும். பிறகு டிக்கெட்டில் எப்படிப் போடுவது என்று ஏர்லைன்ஸுக்கு ஏர்லைன்ஸ் வேறு பதில் சொல்வார்கள். 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவே தருவதில்லை. ஆகவே புதிதாக எடுப்பவர்கள் தந்தை பெயரையோ, பெண்கள் விரும்பினால் கணவர் பெயரையோ குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே ஒற்றைப் பெயரில் பாஸ்போர்ட் இருந்து, அது முடிய இன்னும் பல வருடம் இருந்தால்? விசா எடுக்கும் முன்பே மாற்றிக்கொள்வது நல்லது. விசா ஒட்டிய பிறகு பெயரை மாற்றினால் இரண்டு ஆவணங்களில் இரண்டு பெயர் என்று ஆகிவிடும். அப்புறம் ஒவ்வொரு கவுண்டரிலும் விளக்கம் சொல்ல வேண்டும்.

பாஸ்போர்ட்டுக்குப் போவதற்கு முன் ஆதாரில் பெயரும் முழுப் பிறந்த தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய ஆதார் அட்டைகள் பலவற்றில் பிறந்த வருடம் மட்டுமே இருக்கும். அது பிறந்த தேதிச் சான்றாகச் செல்லாது.

2. பாஸ்போர்ட்

"எனக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லையே" என்று பெரியவர்கள் இங்கேயே தயங்குவார்கள். 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்குத்தான் அது கட்டாயம். மற்றவர்களுக்கு பான், பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை இவற்றில் ஏதாவது ஒன்று போதும்.

36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். தட்கலில் எடுத்தால் கூடுதலாக 2,000. அறுபதைத் தாண்டியவர்கள் முதன்முறை விண்ணப்பித்தால் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. விண்ணப்பிக்கும் தளத்தின் முகவரி "கவ் டாட் இன்" என்று முடிகிறதா பாருங்கள். பெயரிலும் வண்ணத்திலும் அதே மாதிரி இருக்கும் போலித் தளங்கள் தேடுபொறியில் விளம்பரமாக மேலே வந்து நிற்கின்றன. சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் சேவா கேந்திரங்கள் இருக்கின்றன. திருச்சி, மதுரை, கோவையிலும் உண்டு. பல ஊர்த் தபால் நிலையங்களிலும் இப்போது வேலை முடிகிறது. பெரியவர்களை அலைக்கழிக்காமல் பக்கத்து ஊரில் இடம் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

காவல்துறை சரிபார்ப்பு வரும் வாரத்தில் அவர்கள் வீட்டில் இருக்க வேண்டும். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தால் "முகவரியில் ஆள் இல்லை" என்று அறிக்கை போய்விடும். அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் இழுக்கும்.

3. விசா

பெற்றோருக்குப் பொதுவாக எடுப்பது பி1/பி2 என்ற வருகையாளர் விசா. கட்டணம் ஒருவருக்கு 185 டாலர், ரூபாயில் கட்டலாம். மறுத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. 2025 ஜூலையில் நிறைவேறிய அமெரிக்கச் சட்டம் ஒன்றில் 250 டாலர் கூடுதல் விசாக் கட்டணமும் இடம்பெற்றிருக்கிறது. பட்ஜெட் போடும்போது அதையும் மனதில் வையுங்கள்.

டிஎஸ்-160 என்ற ஆன்லைன் விசா விண்ணப்பப் படிவத்தை நீங்களே அமெரிக்காவிலிருந்து நிரப்பலாம். படிவத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது. இருபது நிமிடம் தொடாமல் விட்டால் வெளியே தள்ளிவிடும், அதனால் தொடக்கத்திலேயே விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உட்காருவதற்கு முன் அப்பாவிடம் போனில் கேட்டு எழுதி வைக்க வேண்டியவை: தாத்தா பாட்டியின் முழுப் பெயர், பிறந்த தேதி தெரிந்தால் அதுவும், கடைசியாகச் செய்த வேலை, சேர்ந்த வருடம், ஓய்வு பெற்ற தேதி, படித்த பள்ளி. கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளையும் கேட்பார்கள். "எங்கப்பாவுக்கு என்ன இருக்கப் போகுது" என்று விட்டுவிடாதீர்கள், பேஸ்புக் கணக்கு இருக்கும். படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா என்று கடைசியில் ஒரு கேள்வி வரும். ஆம் என்று சொல்லி உங்கள் பெயரைப் போடுங்கள்.

புகைப்படம் இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, ஆறு மாதத்துக்குள் எடுத்தது, மூக்குக் கண்ணாடி இல்லாமல். ஊர் ஸ்டுடியோவில் "பாஸ்போர்ட் சைஸ்" என்று கேட்டால் வேறு அளவில் கொடுத்துவிடுவார்கள். "யுஎஸ் விசா சைஸ்" என்று கேட்கச் சொல்லுங்கள். அழகுபடுத்துகிறேன் என்று முகத்தை வெளுப்பாக்க வேண்டாம் என்றும் சொல்லச் சொல்லுங்கள்!

சந்திப்பு இரண்டு. ஒன்று விசா விண்ணப்ப மையத்தில் கைரேகையும் படமும். இன்னொன்று அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டியுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். வெளியூர்க்காரர்கள் இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் வாங்கிக்கொண்டால் சென்னையில் ஒரே தங்கலில் முடிந்துவிடும். கணவன் மனைவி இருவரையும் ஒரே கணக்கில் சேர்த்து ஒரே நேரத்துக்குப் பதியுங்கள். பெரியவர்களுக்கு நேர்காணல் வேண்டாம் என்ற பழைய சலுகையை நம்பி இருக்காதீர்கள். 2025 செப்டம்பரிலிருந்து 79 வயதைத் தாண்டியவர்களும் பெரும்பாலும் நேரில்தான் போக வேண்டும்.

இங்கே மூன்று பொறிகள். படிவத்தைத் திருத்தி மறுபடி அனுப்பினால் புது எண் வரும். சந்திப்புப் பதிவில் பழைய எண் இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது, சந்திப்புத் தேதியை விளையாட்டாக மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். இப்போது ஒரு தடவைதான் இலவசமாக மாற்றலாம், அதற்கு மேல் கட்டணத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும். மூன்றாவது, தூதரகத்துக்குள் செல்போன், பை எதையும் விடமாட்டார்கள். கூட ஒருவர் போய் வெளியே வைத்துக்கொள்ளட்டும்.

நேர்காணல் சில நிமிடங்கள்தான். தமிழிலேயே பேசலாம், தொடக்கத்திலேயே கேட்டால் போதும். யாரைப் பார்க்கப் போகிறீர்கள், மகன் என்ன வேலை பார்க்கிறார், எவ்வளவு நாள், செலவு யார், ஊரில் வேறு பிள்ளைகள் உண்டா, இதைச் சுற்றித்தான் கேள்விகள். நாம் இங்கே கற்றுத்தரும் மனப்பாடப் பதில்கள் பெரும்பாலும் கெடுதல்தான் செய்யும். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தமிழில் ஒரு முறை படித்துக்காட்டுங்கள். அதுவே போதுமான பயிற்சி. படிவத்தில் மூன்று மாதம் என்று எழுதிவிட்டு அம்மா ஆறு மாதம் என்று சொன்னால்தான் ஆபத்து.

ஆவணக் கோப்பில் ஓய்வூதியப் புத்தகம், வீட்டு வரி ரசீது, வைப்புத்தொகை விவரம், உங்கள் வேலைச் சான்று, விசா நகல், ஓர் அழைப்புக் கடிதம். பாதிப் பேரிடம் எதையும் பார்க்கமாட்டார்கள், ஆனால் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. "விசா நிச்சயம்" என்று பணம் வாங்கும் ஏஜெண்டுகள் பக்கம் தலைவைக்க வேண்டாம். அதிகாரியின் முடிவில் அவர்களுக்கு ஒரு பங்கும் கிடையாது.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் விசாவில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் மூன்றையும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். டிக்கெட் அதற்குப் பிறகுதான்.

4. டிக்கெட்: விலையைவிட வழி முக்கியம்

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. எங்காவது மாறியே ஆக வேண்டும். கேள்வி எங்கே, எத்தனை முறை என்பதுதான்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. அமெரிக்காவில் முதலில் இறங்கும் விமான நிலையத்தில்தான் இமிகிரேஷன். அங்கேயே பெட்டிகளை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி ஒப்படைத்துவிட்டு, அடுத்த விமானத்துக்குப் பாதுகாப்புச் சோதனையில் நிற்க வேண்டும். உங்கள் ஊருக்கு நேராக வராமல் நியூயார்க்கிலோ சிகாகோவிலோ மாறும் டிக்கெட் என்றால், இருபது மணி நேரம் பயணித்த களைப்பில் பெற்றோர் இதைத் தனியாகச் செய்ய வேண்டும். பத்தாயிரம் ரூபாய் மிச்சம் என்றாலும் எடுக்காதீர்கள். டாலஸ், ஹூஸ்டன், சிகாகோ, பாஸ்டன், சியாட்டில், சான் பிரான்சிஸ்கோ போன்ற ஊர்களுக்குத் துபாயிலிருந்து நேரடி விமானங்கள் இருக்கின்றன. சென்னை, வளைகுடா, உங்கள் ஊர் என்று ஒரே ஒரு மாற்றத்தில் முடியும். சிறிய ஊரில் இருப்பவர்கள் இப்படியொரு பெரிய நகரத்துக்கு வரவைத்து, காரில் போய் அழைத்து வருவது மேல்.

அபுதாபி வழியாக எத்திஹாத்தில் வந்தால் அமெரிக்க இமிகிரேஷனை அபுதாபியிலேயே முடித்துவிடுவார்கள். இங்கே இறங்கியதும் உள்நாட்டுப் பயணிபோல வெளியே வந்துவிடலாம். நல்ல வசதிதான், ஆனால் அபுதாபியில் இடைவெளி போதுமான அளவு இருக்க வேண்டும். எந்த ஊர் வழியாக வந்தாலும் மூன்று முதல் ஐந்து மணி நேர இடைவெளி பெரியவர்களுக்குச் சரியாக இருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் ஓட அவர்களால் முடியாது, பத்து மணி நேரம் நாற்காலியில் உட்காரவும் முடியாது.

முழுப் பயணமும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கட்டும். தனித்தனி டிக்கெட் சேர்த்து எடுத்தால், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பில்லை, பெட்டியும் நேராகப் போகாது. போகவரக் கட்டணம் சாதாரண நாட்களில் ஒருவருக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை லட்சம் வரை ஆகும், விடுமுறைக் காலத்தில் அதற்கு மேலும் போகும். குளிர் பழகாதவர்கள் என்றால் ஏப்ரலில் வந்து செப்டம்பரில் திரும்பும்படி போடுங்கள். டிசம்பரில் வந்து வீட்டுக்குள்ளேயே முடங்கிவிட்டு "ஜெயில் மாதிரி இருக்கு" என்று புலம்பும் பெற்றோரை நிறையப் பார்த்துவிட்டேன்.

டிக்கெட் எடுத்த கையோடு இரண்டு வேலை. முதலாவது வீல்சேர். "எனக்கு என்ன நொண்டியா?" என்று அப்பா சண்டை போடுவார். போடட்டும். வீல்சேர் உதவி நடக்க முடியாதவர்களுக்கு மட்டுமல்ல. பெரிய நிலையங்களில் நெடுந்தூரம் நடக்க முடியாதவர்களுக்கும் உண்டு, அதற்கென்றே தனி வகை இருக்கிறது. கட்டணம் கிடையாது. கூட வரும் பணியாளர் வழிகாட்டி, வரிசை கடத்தி, அடுத்த வாசலில் கொண்டுபோய் விடுவார். மொழி தெரியாதவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. இருவருக்கும் தனித்தனியாகக் கேளுங்கள், இல்லையென்றால் ஒருவரை முன்னால் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். கிளம்ப 48 மணி நேரம் முன்பு ஏர்லைன்ஸுக்கு போன் செய்து எல்லாப் பகுதிப் பயணத்துக்கும் பதிவாகியிருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

இரண்டாவது சாப்பாடு. சைவம் என்றால் ஆசிய சைவ உணவு என்று குறைந்தது 24 மணி நேரம் முன்பே பதிய வேண்டும். இருக்கையில் ஒன்றாவது நடைபாதை ஓரமாக இருக்கட்டும், கழிப்பறைக்கு எழுந்து போக வசதி.

5. இன்சூரன்ஸ்

இதில் கஞ்சத்தனம் வேண்டாம். அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு தடவை போய் வந்தாலே ஆயிரக்கணக்கான டாலர் பில் வரும். திட்டங்கள் இரண்டு வகை. விலை குறைந்தவை, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று தொகை நிர்ணயித்தவை. மீதி உங்கள் கையிலிருந்து. முழுமையான திட்டங்கள், முதலில் நீங்கள் கட்டும் தொகையைத் தாண்டியதும் பில்லில் பெரும்பகுதியை ஏற்பவை. பெற்றோருக்கு இரண்டாவது வகைதான் என் பரிந்துரை.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் ஏற்கெனவே இருந்தால், திடீரென்று தீவிரமாவதை மட்டும் சில திட்டங்கள் ஏற்கும். வழக்கமான பரிசோதனைக்கும் மருந்துக்கும் பணம் வராது. 70 வயதுக்கு மேல் உச்சவரம்பு குறையும், பிரீமியம் ஏறும். விளம்பரத்தை விட்டுவிட்டு, ஏற்கெனவே உள்ள நோய் பற்றிய பத்தியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். பாலிசி, சென்னையில் விமானம் ஏறும் நாளிலிருந்தே தொடங்கட்டும்.

பல் வலி, கண்ணாடி மாற்றம், முழங்கால் ஊசி என்று தள்ளிப்போட்டதையெல்லாம் கிளம்பும் முன் ஊரிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள்.

6. மருந்து

தங்கும் காலம் முழுக்கத் தேவையான மருந்தைக் கொண்டுவரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வருகையாளர்கள் சொந்தப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர அமெரிக்க விதி சொல்லும் பொதுவான அளவு சுமார் 90 நாட்களுக்கானது. மாத்திரைகள் அட்டையோடு, கடைப் பெட்டியோடு இருக்க வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி எடுத்துவர வேண்டாம். மருந்தின் பொதுப் பெயர், அளவு, எதற்காக என்று மருத்துவரின் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். தூக்க மாத்திரை, கோடீன், டிரமடால் கலந்த வலி மருந்துகள் வளைகுடா நாடுகளில் கடுமையான கட்டுப்பாட்டில் இருப்பவை. அந்த வழியாக வந்தால் மருத்துவரிடம் மாற்று கேளுங்கள்.

மருந்து முழுவதும் கைப்பையில். பெட்டி இரண்டு நாள் தாமதமானால் இன்சுலினுக்கு எங்கே போவது?

7. பெட்டி கட்டுவது

பெரும்பாலான அமெரிக்க டிக்கெட்டுகளில் ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி. கைப்பை பல ஏர்லைன்ஸில் 7 கிலோதான். தொங்கும் எடைக்கருவி ஒன்று வாங்கி, வீட்டிலேயே 22 கிலோவில் நிறுத்துங்கள். கவுண்டர் முன்னால் பெட்டியைத் திறந்து புடவையை இங்கிருந்து அங்கே மாற்றுவது அம்மாவுக்கு வேண்டாத அவமானம்.

இனி சமையல் சாமான். இதில்தான் அம்மாக்கள் நம் பேச்சைக் கேட்கமாட்டார்கள்.

கறிவேப்பிலை கூடாது. எலுமிச்சைக் குடும்பத்துச் செடி என்பதால் பயிர் நோய் பயத்தில் தடை, காய்ந்ததாக இருந்தாலும் வம்பு வேண்டாம். பழம், காய்கறி, விதை, முட்டை கூடாது. சிக்கன், மட்டன் ஊறுகாய் உட்பட இறைச்சி சேர்ந்த எதுவும் கூடாது. ஊர் அரிசியும் கூடாது, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வரும் அரிசியில் ஒருவகை வண்டு பற்றிய பயம். கொண்டைக்கடலையும் அதே கதைதான். இங்கே இந்தியக் கடைகளில் எல்லாம் கிடைக்கும் என்று சொல்லிச் சொல்லி மனதை மாற்றுங்கள்.

கொண்டுவரக்கூடியவை: சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, காய்கறி ஊறுகாய், முறுக்கு, அதிரசம், அப்பளம், வற்றல். பொடி வகைகளைப் பெரிய பெட்டியில் போடுங்கள். அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மில்லி அளவுக்கு மேற்பட்ட பொடியைக் கைப்பையில் அனுமதிப்பது சந்தேகம். ஊறுகாய், நெய், எண்ணெய் எல்லாம் திரவக் கணக்கில் வரும், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் போகாது.

கசகசா அமீரகத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். துபாய், அபுதாபி வழியாக வருகிறவர்கள் மசாலாப் பொட்டலத்தில்கூட அதைப் போட வேண்டாம். கொப்பரைத் தேங்காயும் சூடமும் தீப்பிடிக்கும் பொருட்கள், இந்திய விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். பூஜைச் சாமான் கட்டும்போது இந்த இரண்டும் தானாக வந்து சேரும், ஒருமுறை கிளறிப் பாருங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

நகை: தாலி, தோடு, இரண்டு வளையல் போதும். அதிகம் போட்டுக்கொண்டு வந்தால், திரும்பும்போது இது இந்தியாவிலிருந்து கொண்டுபோனதுதான் என்று நிரூபிக்க வேண்டிவரும். வேண்டுமென்றே கொண்டுவருவதானால் புறப்படும்போதே கஸ்டம்ஸ் அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்க வேண்டும், நகை மதிப்பீட்டுச் சீட்டும் கையில் இருந்தால் நல்லது.

8. ஒரு பிளாஸ்டிக் கோப்பு

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு கோப்பு. இருவரும் வழியில் பிரிந்துவிட்டால் ஒரே கோப்பு உதவாது. உள்ளே இருக்க வேண்டியவை: டிக்கெட் அச்சு, திரும்பும் டிக்கெட், இன்சூரன்ஸ் அட்டை, மருத்துவர் கடிதம், உங்கள் முகவரியும் இரண்டு போன் எண்களும் பெரிய எழுத்தில், உங்கள் விசா அல்லது கிரீன் கார்டு நகல்.

இவற்றின் மேல் ஒரு தாள். அதில் தேவையான வாக்கியங்களைத் தமிழில் ஒரு வரி, அதன் கீழே அதே வாக்கியம் ஆங்கிலத்தில் பெரிதாக. "எனக்கு வீல்சேர் பதிவு செய்யப்பட்டுள்ளது." "இந்த விமானத்தின் வாசல் எங்கே?" "என் மகனுக்கு போன் செய்ய உதவுங்கள்." "எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்." "எனக்குச் சர்க்கரை நோய், சாப்பிட ஏதாவது வேண்டும்." எது தேவையோ அதைக் கைவிரலால் காட்டினால் போதும். இந்த ஒரு தாள்தான் வழி முழுக்க வேலை செய்யும்.

கொஞ்சம் டாலர், அதிலும் ஒன்றும் ஐந்துமாகச் சில்லறை நோட்டுகள். வீல்சேர் தள்ளுபவர் சிலர் அன்பளிப்பு எதிர்பார்ப்பார்கள். கட்டாயமில்லை. டாலரை உரிமம் பெற்ற மாற்றகத்தில் ரசீதோடு வாங்குங்கள்.

போனில் சர்வதேச ரோமிங் போட்டுவிடுங்கள். விமான நிலைய வைஃபையை நம்பி விட்டால், அதை இணைப்பது எப்படி என்று அப்பா தேடும்போது நீங்கள் இங்கே நகம் கடிப்பீர்கள்.

9. கிளம்பும் நாள்

வெளியூர்க்காரர்கள் முந்தைய நாளே சென்னை வந்துவிடட்டும். அன்று காலை ரயிலை நம்பி அன்று இரவு விமானம் என்ற கணக்கு வேண்டாம். நிலையத்தில் நான்கு மணி நேரம் முன்பு இருந்தால் நிதானமாக முடியும். வழியனுப்ப வருபவர்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். ஆகவே வீல்சேர் யாரிடம் கேட்பது என்பதை வெளியிலேயே சொல்லி அனுப்புங்கள்: ஏர்லைன்ஸ் செக்கின் கவுண்டரில், கோப்பின் முதல் தாளைக் காட்டி. இரண்டு போர்டிங் பாஸ் வந்ததா, பெட்டிச் சீட்டில் கடைசி ஊரின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெட்டிகளை எல்லாப் பக்கமும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தளர்ந்த ஆடை, காலுறை, ஒரு ஸ்வெட்டர். அம்மாக்கள் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். நீண்ட பயணத்தில் அது ரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.

10. இறங்கிய பிறகு

இமிகிரேஷன் அதிகாரி கைரேகை எடுத்து, படம் பிடித்து, தூதரகத்தில் கேட்டதைப் போலத்தான் கேட்பார். மொழி புரியவில்லை என்றால் தாளில் உள்ள மொழிபெயர்ப்பாளர் வரியைக் காட்டினால் தொலைபேசியில் ஒருவரை இணைப்பார்கள். உணவு கொண்டுவந்திருக்கிறீர்களா என்ற கேள்விக்கு மட்டும் எப்போதும் "ஆம்". சொல்லிவிட்டால், கூடாத பொருள் இருந்தாலும் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு அகப்பட்டால் அபராதம்.

வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்ததும் ஐ-94 என்ற அமெரிக்க அரசின் வருகைப் பதிவுத் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு, எந்தத் தேதி வரை தங்கலாம் என்று பாருங்கள். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். விசா பத்து ஆண்டுக்குக் கொடுத்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை அதிகாரி தீர்மானிக்கிறார், வழக்கமாக ஆறு மாதம். அந்தத் தேதியைத் தாண்டினால் பத்து வருட விசாவே செல்லாததாகிவிடும். திரும்பும் டிக்கெட் அதற்கு உள்ளேயே இருக்கிறதா என்று அன்றைக்கே சரிபாருங்கள். நீட்டிக்க வேண்டிய அவசியம் வந்தால் தேதி முடியும் முன்பே ஐ-539 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

11. ஊரில் விட்டுவந்தவை

மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பரில் வாழ்நாள் சான்று, மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு மஸ்டரிங் என்ற வருடாந்திர நேர்காணல். பயணத் தேதி இவற்றில் மோதுகிறதா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே பாருங்கள். இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள், வங்கியின் ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் நீங்களே இங்கிருந்து ஆன்லைனில் கட்டிவிடலாம். பூட்டிய வீட்டைப் பற்றி உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு, ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

திரும்பும் பயணத்துக்கும் வீல்சேர், சாப்பாடு இரண்டையும் 48 மணி நேரம் முன்பு மறுபடி உறுதிசெய்ய வேண்டும். வரும்போது பதிந்தது போகும்போதும் தானாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.